புகலிடத்தில் வார்த்த நீர்

கடலைப் பள்ளியாகக் கொண்டும் கண் அயராமல் உலகைக் காத்து நிற்கும் பெருமானே, நாலடிக் கண்ணாடிக்குள் அடங்கிய ஒரு கடலைக்கூடக் காக்கத் தெரியாதவன் எழுதத் தொடங்குகிறேன். சொல்ல வேண்டியதைக் குறைக்காமலும், என்னை நல்லவனாகக் காட்டும் சொற்களைச் சேர்க்காமலும் இதை எழுதி முடிக்க நீயே துணை நிற்க வேண்டும்.

ஆவணித் திங்கள், வளர்பிறைத் துவாதசி, திருவோணம் கூடிய ஞாயிற்றுக்கிழமை. எமகண்டம் பிறப்பதற்கு முன், காலை பத்தரை மணி அளவில், படப்பையில் என் மகள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்கு ஒரு புகலிடம் அமைத்தோம். நாள் பார்த்தது நான். நாளில் ஒரு குற்றமும் இல்லை.

தொட்டி என் மருமகனுடையது. ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு அவருக்கு வேலை. நாள் முழுவதும் எண்ணெயிலும் இரைச்சலிலும் இருந்துவிட்டு வருபவர், வீட்டுக் கூடத்தில் உப்புநீர் கலந்து பவளம் வளர்த்தார். முதன்முதலில் அவர் வாங்கி வந்தது ஒரு சுத்தியல் பவளம். அதன் மெல்லிய விரல்களின் நுனி சிறு சுத்தியலின் தலையைப்போல் இருக்கும். அதனால் அந்தப் பெயர். இரண்டு தலைகளோடு வந்த அதை அவர் தம் கையாலேயே பாறையில் ஒட்டினார். ஆண்டுகள் செல்ல அது ஒன்பது தலைகளாகக் கிளைத்தது. பச்சை உடல், வெண்மையான நுனி. நீரோட்டத்தில் அது அசைவதைப் பார்த்தால், கோயில் கோஷ்டியில் அத்தனை பேரும் ஒரே பாசுரத்துக்குத் தலையசைப்பதுபோல் தோன்றும்.

இரண்டாண்டுகளுக்கு முன், ஷிப்ட் முடிந்து வரும் வழியில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலை ஓரம் விளக்கில்லாமல் நின்றிருந்த ஒரு ட்ரெய்லரின் பின்புறத்தில் மோதி அவர் போனார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் கையால் வைத்தவற்றுள் இன்னும் உயிரோடு வளர்ந்துகொண்டிருந்தது அந்தப் பவளம் ஒன்றுதான். அதைப் பற்றி என் மகள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அவள் கண் எங்கே போகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

என் மனைவி காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. மகளைத் தனியே விடக் கூடாதென்று நான் என் பெருமாளையும் பூஜைப் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தேன். துணைக்கு வந்தேன் என்று சொல்லிக்கொண்டேனே தவிர, துணையாக இருக்க எனக்குத் தெரியவில்லை. அவள் இன்னொரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். கம்பெனி பஸ் கொண்டுவந்து இறக்கும். நடுவில் நாங்கள் பேசுவது சாப்பாட்டைப் பற்றியும் தண்ணீர் லாரியைப் பற்றியும்தான். காலையில் நான் பாசுரம் சேவிக்கும்போது அவள் உள் அறையில் தலை வாரிக்கொண்டிருப்பாள். ஒரு வீட்டில் இரண்டு மௌனங்கள்; என்னுடையதற்கு மட்டும் ராகம் இருந்தது.

துக்கத்தில் அவள் மீன்களுக்கு இரை மிகுதியாகப் போட்டுவிட்டாள். அதைத் தவிர வேறெதையும் செய்ய அவளால் முடியாத மாதங்கள் இருந்தன. நீரில் கழிவு சேர்ந்தது. பாறைகள்மேல் மயிர்ப்பாசி படர்ந்தது. சுத்தியல் பவளம் பாதி நாள் விரல்களை நீட்டாமலேயே கிடந்தது. ஒரு சிறு குப்பியில் தொட்டி நீரை எடுத்து மருந்துத் துளிகளை விட்டு அவள் நிறம் பார்ப்பாள். அது இளஞ்சிவப்பாக இருக்க வேண்டுமாம். குங்குமம் கரைத்ததுபோல் இருந்தது.

கொளத்தூரில் அவள் வழக்கமாகப் பவளம் வாங்கும் கடைக்காரர்தான் வழி சொன்னார். அதை அவள் எனக்கு விளக்கிய அந்த மாலையில்தான், இரண்டாண்டுகளில் முதன்முறையாக, எங்களுக்குள் பத்து வாக்கியத்துக்கு மேல் பேச்சு நடந்தது.

"தொட்டிக்குக் கீழ, கேபினெட்டுக்குள்ள, இன்னொரு தொட்டி வைக்கணும்பா. மேல இருந்து தண்ணி அதுல எறங்கி, மோட்டார்ல திரும்ப மேல போகும். கீழ ஒரு நல்ல பாசி வளர்ப்போம். மேல இருக்குற அழுக்க அது தின்னுடும்."

"பாசியை எடுக்கப் பாசியா?"

"ஆமா. மேல விளக்கு அணைஞ்சா கீழ எரியும். மீனுங்க அங்க வர முடியாது. அதனால கண்ணுக்கே தெரியாத சின்னப் பூச்சிங்க அங்க பயமில்லாம பெருகும். பெருகி, தண்ணியோட மேல போய்ப் பவளத்துக்கு இரையாகும்."

"அந்த அறைக்கு என்ன பெயர்?"

"ரெஃப்யூஜியம்."

"அப்படி என்றால்?"

"ரெஃப்யூஜின்னு சொல்றாங்களே, அகதி. அந்த மாதிரி. தப்பிச்சு வந்ததுங்க ஒதுங்கி இருக்குற எடம்."

"புகலிடம்" என்றேன்.

அவள் அந்தச் சொல்லை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

எனக்கு அன்று ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. ஐம்பது ஆண்டுகளாகப் புகல் என்ற சொல்லின்மேல் நான் தலை வைத்துப் படுத்திருக்கிறேன். அது எந்தப் பாசுரத்தில் இரப்பாக வருகிறது, எதில் உரிமையாக வருகிறது என்றெல்லாம் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். அந்தச் சொல் இப்போது மகளின் தொட்டிக்கு அடியில் வந்து நின்றது. இது என் வேலை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். பிழை அங்கே தொடங்கியது.

குழாய் வேலைக்குச் சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். அவர் குடும்பம் நெல் விளைத்த நிலத்தில் இப்போது ஒரு கிடங்கும் லாரிகளும் நிற்கின்றன. அவர் அந்தக் கிடங்குக்கும் குழாய் போடுகிறார். கேபினெட் கதவைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா சாமி, மீனுக்கு மாடி வூடு கட்டிக்கினு கீறீங்களா?"

"மாடி இருக்குதுண்ணா. கீழ் வூடுதான் இல்ல" என்றாள் என் மகள். அவள் அப்படி வார்த்தைக்கு வார்த்தை கொடுத்து நான் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

"கீழ யாரு, வாடகைக்கா?"

"பாசியும் பூச்சியும்."

"அத்த எங்கிட்ட கேட்டிருக்கலாமே மேடம். எங்கூரு டேங்க்ல நெறைய கீது. சும்மாவே அள்ளிக்கினு வந்திருப்பேன்."

வாய் விளையாடினாலும் கை விளையாடவில்லை. கண்ணாடித் தடுப்புகளால் மூன்று அறைகளாகப் பிரித்த கீழ்த்தொட்டியை மட்டம் வைத்து நிறுத்தினார். மேலிருந்து இறங்கும் குழாயைப் பொருத்தினார். பிறகு மோட்டாரை ஓடவிட்டு, அதன் சுவிட்சை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேல்நீர் நிற்காமல் கீழே வந்து விளிம்பைத் தொட்டது.

"பாத்தீங்களா. கரண்டு போச்சுன்னா மேல இருக்குறது பூரா கீழ வந்து கூடத்துல நிக்கும். பைப்புல ஒரு ஓட்ட போட்ணும். காத்து பூந்துச்சுன்னா தண்ணி நின்னுரும்."

துளை போட்டார். மீண்டும் சுவிட்சை அணைத்தார். நீர் விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே நின்றது. பிறகு என் மகள் நடு அறையில் கற்களை அடுக்கி, பச்சை நூல்கண்டு போன்ற பாசியை இட்டாள். ஒரு பாட்டிலில் வாங்கி வந்த நுண்பூச்சிகளை மெல்லச் சாய்த்தாள். பழுப்புத் தூசிபோல் அவை இறங்கி, பாசிக்குள் மறைந்தன. நான் கைகூப்பினேன். குழாய்க்காரரும் என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, "எதுக்கு சாமி?" என்றார்.

அன்று மாலை அவள் எனக்கு விதிகளைச் சொன்னாள். வெயிலிலும் விளக்கிலும் நாள்தோறும் ஒரு படி அளவுக்கு நீர் ஆவியாகும். அதே அளவு உப்பில்லாத சுத்திகரித்த நீரைக் கீழ்த்தொட்டியில் ஊற்றி ஈடு செய்ய வேண்டும். அவளுக்கு ஷிப்ட் மாறி மாறி வருவதால் அந்தப் பொறுப்பை நான் ஏற்றேன்.

"சோப்புக் கையோட தொடாதீங்க. கொசு மருந்து அடிக்காதீங்க. மீனுக்குச் சீக்குன்னு யாராவது மருந்து குடுத்தா ஊத்திடாதீங்கப்பா, அதுலல்லாம் காப்பர் இருக்கும். மீன் தாங்கும், பவளம் தாங்காது."

"மருந்து கூடாது" என்று நான் மனத்தில் எழுதிக்கொண்டேன். மற்றது எழுதப்படவில்லை.

சுத்திகரித்த நீர், கேனில் வரும். நீல நிறப் பிளாஸ்டிக் கேன். அதன்மேல் லாரித் தூசி. அதை அப்படியே எடுத்துப் புகலிடத்தில் ஊற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. பெருமாளுக்குத் தீர்த்தம் எடுக்கும் சொம்பு என்னிடம் ஒன்று உண்டு. என் தகப்பனார் வைத்திருந்தது, ஒரு படி கொள்ளும். தினமும் விடியலில் புளி போட்டுத் தேய்ப்பேன், உதயசூரியன்போல் இருக்கும். மாலையில் கேன் நீரை அதில் நிரப்பி ஒரு துளசி இலையிட்டுப் பெருமாள்முன் வைத்துவிடுவேன். இரவு முழுவதும் அதில் தங்கிய நீர் உடம்புக்கு நல்லது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் குடித்து வளர்ந்தோம். காலையில் சேவித்து முடித்ததும் துளசியை எடுத்துவிட்டு, அந்த நீரைப் புகலிடத்தில் வார்ப்பேன். மகளிடம் சொல்லவில்லை. ஒளிக்க வேண்டும் என்று எண்ணியதில்லை. பக்தியைப் பறைசாற்றக் கூடாது என்று எண்ணினேன். அந்த எண்ணத்தில் எவ்வளவு பெருமை இருந்தது என்று இப்போது தெரிகிறது.

முதல் வாரம் எல்லாம் நன்றாக நடந்தது. பாசி ஒரு கைப்பிடி பெருத்தது. குப்பியில் சிவப்பு வெளுத்தது. கீழ்த்தொட்டியின் கண்ணாடியில் நுண்பூச்சிகள் புள்ளி புள்ளியாக ஓடின. ஒரு சனிக்கிழமை மதியம் சுத்தியல் பவளம் ஒன்பது தலைகளையும் விரித்து நின்றது. என் மகள் அதன்முன் நாற்காலியைப் போட்டுச் சாப்பிட்டாள்.

"அப்பா, இங்க வந்து உக்காருங்க" என்றாள்.

இருவரும் பவளத்தைப் பார்த்தபடி சாப்பிட்டோம். பாசியின் வேலை அது என்று அவளுக்குத் தெரியும். தீர்த்தத்தின் வேலை அது என்று நான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து மணலில் மல்லாந்து கிடந்தன. நிமிர்த்தி வைத்தாள், மீண்டும் விழுந்தன. செவ்வாய்க்கிழமை கீழ்க்கண்ணாடியில் ஒரு புள்ளியும் ஓடவில்லை. புதன்கிழமை, மீன்களின் உடலைச் சுத்தம் செய்யும் சிவப்புக்கோட்டு இறால்கள் இரண்டில் ஒன்று பக்கவாட்டில் கிடந்து கால்களை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. அவள் எல்லாக் குப்பிகளையும் எடுத்து எல்லாச் சோதனைகளையும் செய்தாள். எதிலும் குறை தெரியவில்லை. நான் அன்று பாசுரத்தைக் கூடுதலாகச் சேவித்து, சொம்பை இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

வியாழக்கிழமை காலை, அவள் வேலைக்குப் போன பிறகு, குழாய் இணைப்பில் நீர் கசிவதை அடைக்க அதே குழாய்க்காரர் வந்தார். வேலையை முடித்துவிட்டுக் கை துடைத்தவர், கேபினெட் மேல் நான் கவிழ்த்து வைத்திருந்த சொம்பை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"காப்பர் சொம்பா சாமி?"

"பெருமாள் சொம்பு."

"அது சரி. காப்பர்தானே? ஏசி பைப்புல வர்ற அதே அயிட்டம். சும்மா தளதளன்னு வச்சிக்கினு கீறீங்க. உப்புத் தண்ணிகிட்ட வைக்காதீங்க, பச்சையா பூத்துரும்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன்.

சொம்பு என்பது செம்பு. செம்பு என்பது உலோகம். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் எவர்சில்வரில் இருப்பதும் சொம்பு, பித்தளையில் இருப்பதும் சொம்பு, பிளாஸ்டிக்கில் இருப்பதும் சொம்புதான். வாயில் புழங்கிப் புழங்கி அந்தச் சொல் தன் உலோகத்தை உதிர்த்துவிட்டு வெறும் வடிவமாக நின்றது. மகள் சொன்ன காப்பர் மருந்துக் குப்பிக்குள் இருந்தது. என் செம்பு பெருமாள் சன்னிதியில் இருந்தது. ஒரு பாசுரத்தின் ஒரு சொல்லை மூன்று விதமாகப் பிரித்துப் பொருள் சொல்பவன் நான். கையிலிருந்த பாத்திரத்தின் பெயரைப் பிரித்துப் பார்க்கவில்லை. புளியிட்டுத் தேய்த்த உலோகத்தில், எதையும் கரைத்துக்கொள்ளும் சுத்தமான நீரை இரவெல்லாம் நிறுத்தி, பதினொரு நாள், தவறாமல், நஞ்சை வார்த்திருந்தேன்.

அப்போதே மகளுக்கு ஃபோன் செய்திருக்க வேண்டும். தொழிற்சாலைக்குள் ஃபோன் எடுத்துப் போக விடமாட்டார்கள். வெளியே வந்ததும் பார்த்திருப்பாள். மாலையில் வந்ததும் சொல்லியிருக்கலாம். நான் செய்தது, சொம்பைப் பூஜை அலமாரியின் கடைசியில் வைத்ததும், கேன் நீரை ஒரு பிளாஸ்டிக் குவளையால் மொண்டு ஊற்றியதும்தான். நிறுத்திவிட்டேனே, இனி தானே தேறும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் வந்தபோது சுத்தியல் பவளத்தின் இரண்டு தலைகள் சுருங்கி, வெள்ளை எலும்பு வெளியே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் கேட்டாள்.

"அப்பா, மருந்து ஏதாவது ஊத்தினீங்களா? தெரியாம ஊத்தியிருந்தாலும் சொல்லுங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"மருந்து ஊற்றவில்லை அம்மா."

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அப்படி ஒரு வாக்கியத்தைக் கட்ட எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. அதை நம்பிக்கொண்டு அவள் கடைக்காரரிடம் ஃபோனில் சொல்வதை நான் கேட்டேன்: "இல்லண்ணா, எதுவும் ஊத்தல. அப்பாகிட்டயும் கேட்டுட்டேன்."

அன்று நான் வழக்கம்போல் சேவிக்க உட்கார்ந்தேன். அடியார்கள் தம்மைப் பாவிகளிற் கடையவன் என்றும், செய்யாத குற்றமில்லை என்றும் பெருமானிடம் முறையிடும் பாடல்கள் எத்தனையோ உண்டு. அவற்றை நான் அரை நூற்றாண்டாகக் கண் கலங்கச் சொல்லி வருகிறேன். குரல் இழைவதாகக் கோஷ்டியில் பாராட்டுவார்கள். எல்லாக் குற்றங்களையும் ஒப்புக்கொள்ளும் அந்த வாய், எட்டடி தூரத்தில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த மகளிடம் ஒரே ஒரு குற்றத்தைச் சொல்ல மறுத்தது. பெருமானிடம் சொல்வது எளிது. அவன் "எப்போது தெரியும்?" என்று திருப்பிக் கேட்பதில்லை.

வெள்ளி மாலைக்குள் இரண்டாவது இறாலும் போயிற்று.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. மதியம் சமையலறைக் குழாயடியில் அவள் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் சத்தம் நிற்கவில்லை என்று போய்ப் பார்த்தேன். விரல் முட்டிகள் சிவந்திருந்தன.

"என்னம்மா செய்கிறாய்?"

"கூலண்ட்டுப்பா, மெஷினுக்கு ஊத்துற எண்ணெ. மெஷின்ல இருந்து வர்ற பார்ட்ஸுல ஒட்டிக்கிட்டு வரும். கையுறை போட்டுத்தான் தொடுறேன். இருந்தாலும் எங்கியோ ஒட்டி, அதோட தொட்டிக்குள்ள கைய விட்டிருக்கேன். வேற எதுவுமே இல்லையே. எல்லாம் பாத்துட்டேன்."

"அதுவாக இருக்காது."

"வேற எதுப்பா? அவர் இதே மாதிரி ஆயில் கையோட வருவாரு, ஒரு மணி நேரம் கழுவிட்டுத்தான் கிட்டயே போவாரு. எனக்கு அந்தப் பொறுமை இல்ல." குழாயை மூடினாள். "கடைக்காரர வரச் சொல்லிட்டேன். திங்கக்கிழம வந்து மிச்சம் இருக்குறத எடுத்துட்டுப் போயிடுவாரு. அங்கயாவது பொழைக்கட்டும். நான் தொட்டது எதுவும் நிக்காதுப்பா."

கடைசி வாக்கியத்தை அவள் பவளத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

நான் பூஜை அலமாரிக்குப் போய்ச் சொம்பை எடுத்து வந்து, சமையலறை மேடைமேல், அவள் முன்னால் வைத்தேன். என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன்.

"நீயில்லை. இதில் இரவு வைத்த தண்ணீரைத்தான் தினமும் ஊற்றினேன். இது காப்பர்."

அவள் சொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எத்தன நாளு?"

"பதினொரு நாள்."

"இன்னிக்குமா?"

"இல்லை. நிறுத்திவிட்டேன்."

"எப்ப நிறுத்தினீங்க?"

"வியாழக்கிழமை."

இத்தனை கேள்விகளையும் அவள் வேலைசெய்யும் இடத்தில் கேட்பதுபோல் சமமான குரலில்தான் கேட்டாள்.

"அப்ப வியாழக்கிழமையே தெரியும்."

"தெரியும்."

"நேத்து நான் கேட்டப்ப."

"தெரியும்."

அவள் திட்டவில்லை. அழவுமில்லை. உப்பு கலந்து வைத்திருந்த டிரம்மை உருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். பழைய நீரை இறக்கத் தொடங்கினாள். நான் வாளியைப் பிடிக்கப் போனேன். "வேணாம்பா" என்றாள். மூன்று மணி நேரம் தனியே வாளி சுமந்தாள். நான் கூடத்தின் ஓரத்தில் நின்றேன். உட்காரத் தோன்றவில்லை.

இடையில் கடைக்காரரை அழைத்தாள். கைகள் ஈரமாக இருந்ததால் ஃபோனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள்.

"காப்பரா? அட, நம்ம வூட்டு சொம்பா? போச்சு போங்க. நானே கேக்கல பாருங்க, மருந்துன்னுதான் கேட்டேன். காப்பர இழுக்குற கரி நெறைய போடுங்கம்மா, தண்ணிய மாத்திக்கிட்டே இருங்க. ரெண்டு நாளு முன்னாடி சொல்லியிருந்தா நாலு தலையாச்சும் நின்னிருக்கும். இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

"சரிண்ணா" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

நாலு தலை. அந்த எண்ணிக்கையை நான் மறப்பதில்லை. செம்பு என்று அறியாமல் வார்த்ததை மூப்பின் மேலும் வழக்கத்தின் மேலும் போடலாம். அந்த நாலு தலைகளை எதன் மேலும் போட முடியாது. அவை என் மானத்துக்காகச் செத்தவை.

அடுத்த புதன்கிழமைக்குள் பவளம் முழுவதும் உரிந்து, வெறும் வெள்ளைக் கூடு நின்றது. மீன்கள் பிழைத்தன. கற்களில் செம்பு ஊறியிருக்கும், அது ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசியும், அவற்றோடு இனி எந்தப் பவளமும் வைக்க முடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். புகலிடத்துப் பாசி மட்டும் பழுப்பு விளிம்போடு உயிர் பிடித்திருந்தது. நஞ்சை அதுவும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளுமாம். வாரந்தோறும் பாதியைப் பிடுங்கி எறிந்தால் நீர் மெல்ல மெல்லத் தெளியும். மகள் தொட்டியைக் கொடுக்கவில்லை, மீன்களுக்காக வைத்துக்கொண்டாள். பாசி பிடுங்குவதை நான் செய்யட்டுமா என்று கேட்டேன்.

"செய்ங்க. ஆனா நான் வீட்ல இருக்குறப்ப."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பின்னால் நிற்பாள், நான் பிடுங்குவேன். எதில் கை வைப்பதற்கு முன்பும் கேட்கிறேன். அவளும் பதில் சொல்கிறாள். அதற்கு மேல் பேச்சு இல்லை. முன்பிருந்த மௌனம் துக்கத்தால் ஆனது. இப்போதிருப்பதில் நானும் இருக்கிறேன்.

சென்ற ஞாயிறன்று கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். கடைசியாகப் பவளக் கூடு ஒட்டியிருந்த கல்லை எடுத்து, வாசல் வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். வடக்குப்பட்டுப் பக்கம் போகும் லாரிகள் தூசி கிளப்பிக்கொண்டிருந்தன. பிறகு என்னைக் கூப்பிட்டாள். கல்லும் கூடும் சேரும் இடத்தில், ஒட்டுவதற்காக அவர் பூசியிருந்த வெள்ளைப் பசை கல்லாக இறுகியிருந்தது. இத்தனை காலம் பவளத்தின் உடல் மூடியிருந்த இடம் அது. பசையில் ஒரு குழிவு.

"இது பாருங்கப்பா. கட்டவிரல வச்சு அழுத்தின மாதிரி இல்ல? ரேகைகூடத் தெரியுது பாருங்க. அவரோடதுதானே?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். குழிவு இருந்தது. கோடுகள்போலவும் இருந்தன; பாசி அரித்த தடம்போலவும் இருந்தன. ஆம் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. ஒரு சொல்தான், அவளுக்கு அது எவ்வளவோ. ஆனால் அந்த வீட்டில் நான் ஒருமுறை அவளுக்கு வசதியான ஒரு பதிலைச் சொல்லி ஏமாற்றியிருக்கிறேன்.

"எனக்குத் தெரியவில்லை அம்மா. விரலாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

அவள் மறுபடியும் கல்லைத் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியலப்பா" என்றாள். சற்று நகர்ந்து, படியில் எனக்கு இடம் விட்டாள். உட்கார்ந்தேன். கல் எங்கள் இருவருக்கும் நடுவில் காய்ந்துகொண்டிருந்தது.

இதை வாசிக்கும் அனைவரும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் வீடுகளில் நீர் தெளிந்திருக்கட்டும். உங்கள் கை அறியாமல் செய்யும் பிழை, கண் அறிந்த அதே நாளில் வாய்க்கு வரட்டும். அதைக் கேட்க உரியவர் அப்போது அருகிலேயே இருக்கும்படி எம்பெருமான் அருளட்டும்.